மணல் தள்ள ஆளில்லாத ஊர்

அந்தப் படம் உங்கள் கைபேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். நீலம் பூசிய அறை, காரை உதிர்ந்த சுவர், பாதி திறந்து நிற்கும் கதவு. உள்ளே இடுப்பளவு மணல், யாரோ லாரியில் கொண்டுவந்து தட்டியதுபோல. கீழே ‘மணல் விழுங்கிய ஊர்’ என்று ஒரு வரி. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீபியா நாட்டின் பாலைவனத்தில் இருக்கும் கோல்மான்ஸ்கோப் அது. 1908இல் வைரம் கிடைத்து முளைத்த ஊர். 1956இல் கடைசிக் குடும்பமும் வீட்டைக் காலி செய்தது.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி என்ற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிறது. ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று எங்கள் செம்மணலை வாரிக்கொண்டு வந்து நடைப்படியில் போடும். காலையில் தூத்து, மத்தியானம் தூத்து, விளக்கு வைக்குமுன் இன்னொரு தடவை தூத்து. வாரியலைத் தொடாமல் நாலு நாள் இருந்தால் கீழ்ப்படி காணாமல் போகும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களின் பூட்டிய வீட்டைப் பார்த்தாலே தெரியும். ஒரு ஆடிக்கு ஒரு சாண் என்று கதவின் அடியில் மண் ஏறியிருக்கும். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் அங்கே வாசல் துடைத்துவிட்டதுபோல இருக்கும். இரண்டு வீட்டுக்கும் அடிப்பது ஒரே காற்றுதான். அதனால் ‘மணல் விழுங்கிய ஊர்’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி வேறு: அங்கே மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது யார்? அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?

என் சித்தி மகன் நமீபியாவில் வால்விஸ் பே துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது காரில் தெற்கே கூட்டிப்போனான். ஒரு முழுப் பகலும் ஓட்டினோம். கடைசி 125 கிலோமீட்டர், அவுஸ் என்ற சிற்றூரிலிருந்து லூடெரிட்ஸ் துறைமுகம் வரை, இருபுறமும் ஒன்றுமே இல்லை. வழியில் கருப் என்ற இடத்தில் காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன. முதல் உலகப் போரில் இந்தப் பக்கம் வந்த படைகள் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்கிறார்கள். “நம்ம குதிரைமொழித் தேரியில ஒரு குதிரையும் கிடையாது. பேரே இல்லாத இடத்துல குதிரை நிக்கு பாருங்கண்ணே” என்றான் தம்பி. லூடெரிட்ஸை நெருங்கும்போது சாலையின் குறுக்கே மணல் நாக்கு நீட்டிக் கிடந்தது. ஒரு மண்வாரி வண்டி அதை ஒதுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. கதை இந்தத் தண்டவாளத்தில்தான் தொடங்குகிறது.

அன்றைக்கு இந்த நாடு ஜெர்மனியின் காலனி. 1884 முதல் 1915 வரை ‘ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்கா’ என்று பெயர். 1904இல் ஹெரேரோ மக்களும் அடுத்து நாமா மக்களும் எதிர்த்து எழுந்தார்கள். ஜெர்மன் படை அவர்களை அழிக்கவே இறங்கியது. பிடிபட்டவர்களை லூடெரிட்ஸ் கரையில் உள்ள சுறாத் தீவில் முகாம் போட்டு அடைத்தது. குளிர்காற்றும் பட்டினியும் நோயுமாக அங்கே செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். உயிரோடு இருந்தவர்களைக் கொண்டு இந்த ரயில் பாதையைப் போட வைத்தார்கள். 1906 ஜனவரியிலிருந்து 1907 ஜூன் வரை பாதை வேலைக்கு இழுக்கப்பட்ட 2,014 கைதிகளில் 1,359 பேர் இறந்ததாக அந்தக் காலனி அரசின் கணக்கே சொல்கிறது. ஜெர்மனி இதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது 2021இல்.

பாலைவனத்தில் தண்டவாளம் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? அதன்மேல் மணல் ஏறிக்கொண்டே இருக்கும். அள்ளிப் போட ஆள் வேண்டும். அப்படி மணல் அள்ள வந்தவர்களில் ஒருவர் சகரியாஸ் லெவாலா. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் முன்பு வேலை பார்த்தவர், கல்லைப் பார்த்தால் தெரியும். 1908 ஏப்ரலில் கிராஸ்பிளாட்ஸ் என்ற நிறுத்தத்தின் பக்கம் மணலை அள்ளும்போது மண்வாரியில் ஒரு கல் மின்னியது. எடுத்துக்கொண்டுபோய் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். வித்தியாசமான கல் கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று ஸ்டௌக் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். அவர் தன் கடிகாரக் கண்ணாடியில் கல்லைத் தேய்த்துப் பார்த்தார், கீறல் விழுந்தது என்பார்கள். சத்தம் போடாமல் சுற்றுவட்ட நிலத்துக்கெல்லாம் உரிமம் எழுதி வாங்கினார். கோடீஸ்வரர் ஆனார். 1930களின் பொருளாதாரச் சரிவில் எல்லாம் போய், 1947இல் ஜெர்மனியில் ஏழையாக இறந்தார். லெவாலாவுக்கு அந்தக் கல்லுக்காக ஒரு காசும் கிடைக்கவில்லை.

மணலைத் தூத்து ஒதுக்கிய ஒருவர் கையில்தான் அந்த ஊரின் முதல் வைரம் விழுந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூமிக்கு அடியில் பல நூறு மீட்டர் தோண்ட வேண்டிய பொருள், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மணலோடு மணலாக எப்படிக் கிடந்தது? இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரருக்குச் சுளகு ஒன்று போதும். வைரம் பிறந்தது அங்கே இல்லை. தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில், ஆழத்திலிருந்து எரிமலைக் குழாய்கள் வழியே மேலே வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை அந்தப் பாறையைக் கரைக்க, ஆரஞ்சு ஆறு கல்லையும் வைரத்தையும் உருட்டிக்கொண்டு அட்லாண்டிக் கடலில் சேர்த்தது. அந்தக் கரையில் தென்மேற்குக் காற்று ஓயாது. அலை கரையைச் சாய்வாக அடிப்பதால் எல்லாம் வடக்கே நகரும். கழிமுகத்தை ஒட்டிப் பெரிய கல், வடக்கே போகப் போகச் சிறிய கல். வழியெல்லாம் முட்டி மோதியதில் கீறல் உள்ள வைரங்கள் உடைந்து தூளாகின. தப்பிக் கரை சேர்ந்தவற்றில் பெரும்பகுதி நகைக்கு ஏற்ற நல்ல கல்.

கடைசி வேலை காற்றுடையது. சாதாரண மணல் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம், வைரம் 3.5 மடங்கு. கரையிலிருந்து அடித்த காற்று லேசான மணலைப் பறக்கவிட்டு, கனமான சரளையையும் வைரத்தையும் பள்ளங்களில் விட்டுவிட்டுப் போனது. அரிசியைப் புடைத்தால் உமி முன்னால் பறக்கும், அரிசி சுளகின் அடியில் தங்கும் அல்லவா, அதேதான். அந்தச் சுளகு மிக மிகப் பழையது.

இது நமக்குப் புதிதும் இல்லை. உவரி, பெரியதாழை, கூட்டப்பனை கரைகளில் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு போய்ப் பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே ரத்தச் சிவப்பாகவும் கறுப்பாகவும் வரி வரியாகக் கிடக்கும். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். இரண்டும் சாதாரண மணலைவிடக் கனம், அதனால் அலை லேசானதைக் கொண்டுபோய்விட்டு இவற்றைத் தங்கவிடுகிறது. சின்ன வயதில் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி அந்தக் கறுப்பு மணலில் இழுத்து விளையாடியிருக்கிறோம். மீசை முளைத்ததுபோல ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் தேரி சிவப்பாக இருப்பதற்குக் காரணம் ஒவ்வொரு மணியின் மேலும் படிந்த இரும்புத் துரு. அதற்குள்ளும் இந்தக் கன மணல்கள் உண்டு. இந்தக் கரையில் அதை அள்ளும் தொழில் பெரிதாக வளர்ந்து, 2013இல் அரசு தடை போட்டது. அந்தக் கதை தனி.

வைரம் கிடைத்த அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மன் அரசு ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே சுமார் 26,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை ‘தடைப் பகுதி’ என்று அறிவித்தது. பிரிக்கப்படாத பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். லூடெரிட்ஸிலிருந்து 10 கிலோமீட்டரில், கோல்மன் என்ற மாட்டு வண்டிக்காரர் மணற்புயலில் வண்டியைக் கைவிட்டதால் அவர் பெயரைப் பெற்றிருந்த மேட்டில் ஊர் எழுந்தது. 1914க்குள் இந்தப் பாலைவனத்திலிருந்து எடுத்த வைரம் ஏறத்தாழ 50 லட்சம் காரட். எடைக்கல் வைத்துச் சொன்னால் ஒரு டன்.

பணம் வந்த பிறகு என்னென்ன வரும்? எல்லாம் வந்தது. நடன அரங்கம், உருட்டுப் பந்து விளையாட ஒரு கூடம், மருத்துவமனை, பனிக்கட்டித் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை. சுமார் 300 ஜெர்மானியப் பெரியவர்கள், 40 பிள்ளைகள். குடிதண்ணீர் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. தினமும் வீட்டு வாசலுக்குப் பனிக்கட்டி வரும். மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி இருந்தது. அந்தக் காலத்தில், அந்த அத்துவானத்தில் எதற்கு எக்ஸ்ரே? எலும்பு பார்க்க என்றும் சொல்லலாம். தொழிலாளி வைரத்தை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்கவும் அது உதவியது.

தொழிலாளிகள் என்றால் வடக்கேயிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட ஓவாம்போ ஆண்கள், சுமார் 800 பேர். குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது. தனி வளாகத்தில் தங்க வேண்டும். தெற்கே பொமோனா பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆட்கள் வரிசையாகத் தரையில் குப்புறப் படுத்து, தவழ்ந்து தவழ்ந்து வைரம் பொறுக்கும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வாயைக் கட்டிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். தெருவில், தண்டவாளத்தில், வீட்டு வாசலில் விடிவதற்குள் ஏறிய மணலை அள்ளியதும் இவர்களைப் போன்றவர்கள்தான். தூத்துகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க அங்கே பணம் இருந்தது; பணம் இருக்கும்வரை மணல் வெளியே நின்றது.

பணம் ஏன் நின்றது? வைரம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரியில் முடிப்பார்கள். அது பாதிதான் சரி.

சுளகுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். காற்று புடைத்து மேலாகப் போட்ட கல், மேலாக அள்ளியதும் முடிந்தது. தங்கச் சுரங்கம்போல இன்னும் ஆழம் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1915இல் தென்னாப்பிரிக்கப் படை இந்த நாட்டைப் பிடித்தது. 1920இல் தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளி எர்னெஸ்ட் ஓப்பன்ஹைமர் ஜெர்மன் கம்பெனிகளை வாங்கி ஒன்றாக்கினார். 1928இல் 270 கிலோமீட்டர் தெற்கே, ஆரஞ்சு ஆற்றின் வாயிலேயே, பழைய கடற்கரை மேடுகளில் இன்னும் பெரிய கற்கள் கிடைத்தன. பெரிய கல் ஆற்று வாயில்தான் தங்கும் என்ற நியாயம் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமே இல்லை. கம்பெனி அங்கே ஒரேஞ்ச்முண்ட் என்று புது ஊரைக் கட்டியது, 1936இல். 1943இல் தலைமை அலுவலகமும் அங்கே போனது. கோல்மான்ஸ்கோப்பில் அதன்பின் 13 ஆண்டுகள் விளக்கு எரிந்தது என்பதே பெரிது.

ஆனால் ஒரு தொழில் போனால் ஊர் போய்விடுமா? தூத்துக்குடியைப் பாருங்கள். சங்க காலத்துக் கொற்கையில் தொடங்கிய முத்துக்குளிப்பு, பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961இல். முத்தை நம்பி ஊர் இருந்திருந்தால் அன்றைக்கே கதவடைத்திருக்க வேண்டும். உப்பு இருந்தது, மீன் இருந்தது, துறைமுகம் இருந்தது, கடன் கொடுக்கக் கடை இருந்தது, எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்லும் ஆட்கள் சொந்த வீட்டில் இருந்தார்கள். கோல்மான்ஸ்கோப்பிலிருந்து 10 கிலோமீட்டரில் உள்ள லூடெரிட்ஸும் இப்படித்தான் பிழைத்தது. மீனும் சிங்கிறாலும் கைகொடுத்தன. கோல்மான்ஸ்கோப்பில் ஒரு வீடுகூட அதில் குடியிருந்தவருக்குச் சொந்தமில்லை. வீடு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, மருத்துவர் கம்பெனி ஆள். ஊரைச் சுற்றி நிலமே தடைப் பகுதி. ஒரு ஆடு மேய்க்க முடியாது, ஒரு பெட்டிக் கடை வைக்க முடியாது. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மணல் வந்தது இதற்கெல்லாம் பிறகு.

எங்கள் பக்கம் இதற்கு நேர் எதிரான வேலை நடந்திருக்கிறது. தேரி ஒரு காலத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. சொக்கன்குடியிருப்பு மணல் மாதா கோயில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து மீண்டும் கிடைத்தது என்று ஊரில் சொல்லும் கதை அந்த நினைப்பில் வந்ததுதான். விளைகளைக் காப்பாற்ற மேற்கு ஓரத்தில் கருக்குமட்டையும் ஓலைப் படலும் வைத்தார்கள், வடலி வளர்த்தார்கள். வனத்துறை வந்து கொல்லாமரம், அதாவது முந்திரி, நட்டது. இன்றைக்குத் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலுக்குக் கார்த்திகையில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவது அந்தக் கொல்லாமர நிழலில்தான். காற்று குறைந்துவிடவில்லை. பனையேறியவர்களும் விளை வைத்திருந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள், அவ்வளவுதான்.

கோல்மான்ஸ்கோப்புக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், வாசலிலேயே கிடைக்கும். காலை 8 மணிக்குத் திறந்து மத்தியானம் 1 மணிக்குச் சாத்திவிடுவார்கள். விடியலில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தனிச் சீட்டுக்கு அதிகம் கொடுக்க வேண்டும். 1 மணிக்குப் பிறகு நிற்க முடியாது என்பது பத்து மணிக்கே புரிந்தது. தெற்கேயிருந்து காற்று கிளம்பி, மணல் முழங்காலுக்குக் கீழே புகைபோல ஓட ஆரம்பித்துவிட்டது. கேமரா லென்ஸ் மாற்றுகிறவர்கள் காருக்குள் உட்கார்ந்து மாற்றுவது நல்லது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

வழிகாட்டி மேலாளர் வீடு, கட்டடக் கலைஞர் வீடு, ஆசிரியர் வீடு, மருத்துவமனை என்று வரிசையாகக் காட்டினார். மருத்துவமனையின் நீண்ட நடையில் நிற்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தெற்குப் பக்க அறைகளில் கண்ணாடி உடைந்து, மணல் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருக்கிறது. வடக்குப் பக்க அறைகள் பலவற்றில் தரை ஓடு தெரிகிறது. காற்று மறைப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டுத் தொழுவம் கட்டுகிற எவருக்கும் இது புரியும். மணல் மேட்டின் முதுகில் வரி வரியாக அலை. என் ஷூ பதிந்த இடத்தில் அடுத்த நிமிடமே ஓரம் சரிந்து மூடியது.

1980இல் வைரக் கம்பெனி சில கட்டடங்களைச் சீர் செய்து அருங்காட்சியகம் ஆக்கியது. நடன அரங்கம் இருந்த கட்டடத்தில் இப்போது கடையும் காப்பியும் கிடைக்கும். நாங்கள் நுழையும்போது ஒரு பெண் அதன் படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இருபதடி தள்ளியிருக்கும் வீட்டை யாரும் பெருக்க மாட்டார்கள். பெருக்கினால் சுற்றுலா போச்சு. எந்த மணலைத் தள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்பது இங்கே இன்றைக்கும் நிர்வாக முடிவுதான்.

ஒரேஞ்ச்முண்ட் பக்கம் நாங்கள் போகவில்லை. 2017 வரை அந்த ஊருக்குள் வெளியாள் நுழையவே முடியாது. அங்கே கடலைக் கரை கட்டித் தடுத்து, கடலடி மணலை அள்ளிக்கொண்டிருந்தபோது 2008இல் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் கிடைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் தங்க நாணயம், டன் கணக்கில் செம்புக் கட்டி. 1533இல் இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமல் போன ‘பொம் ஜெசுஸ்’ என்று கருதுகிறார்கள். நம் முத்துக்குளித்துறைக் கரையில் போர்ச்சுகீசியர் காலூன்றிய அதே பத்தாண்டு. இப்போது நமீபியாவின் வைரத்தில் பெரும்பகுதி கரையிலிருந்தும் இல்லை, கப்பல்கள் கடலடியை உறிஞ்சி எடுக்கின்றன. ஒரேஞ்ச்முண்டும் இனி என்ன தொழில் என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

ஊருக்கு வந்தபின் ஒரு வேலையாக அம்பாசமுத்திரம் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார், மாஞ்சோலையில் பிறந்தவர். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைக்காக எழுந்த ஊர்கள். குத்தகை 2028இல் முடிகிறது. 2024லேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு இறங்கச் சொல்லியாயிற்று. நான்காவது தலைமுறை வரை அங்கே இருந்தவர்களுக்கும் வீடு கம்பெனி வீடுதான்; வரிசையாக ஒட்டிக் கட்டிய ‘லைன் வீடு’. புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வெளியாட்கள் மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும்.

கோல்மான்ஸ்கோப் படங்களைக் காட்டினேன். இருநூறுக்கு மேல் இருக்கும். நீல அறை, மஞ்சள் அறை, குளியல் தொட்டி நிறைய மணல், மேலாளர் வீட்டு மாடிப்படி. ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே போனவர் கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தள்ளினார்.

“வேலை பாத்த ஆளுங்க எண்ணூறு பேருன்னீங்களே அண்ணாச்சி, அவங்க லைன் வீடு எதுல இருக்கு?”

போனை வாங்கி நானும் ஒருமுறை தேடினேன். ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை.